கறைக்காதனை அனுப்பிய வருஷம்

2025 மார்ச் 9

ஆடுகளுக்கு ரோமம் கத்தரிப்பு முடிந்தது. 22 உருப்படி, 13 கிலோ சொச்சம். கிடா கறைக்காதனைக் கடைசியாகப் படுக்க வைத்தோம். காதில் பழுப்புக் கறையோடு வந்தவன், அதனால் அந்தப் பெயர். தோள்பட்டையில் ரோமத்தை இரண்டு கையாலும் பிளந்து பார்த்தேன். அடியில் பாலேடு மாதிரி வெளுப்பு, இழைகள் தோல்வரைக்கும் நெளிநெளியாக ஓடுகின்றன. மட்டமான ஆடென்றால் தொடையில் முரட்டு மயிர் கலந்திருக்கும். இவனுக்கு அங்கேயும் அதே மென்மை. ராத்திரி சோறு பிசையும்போதும் விரலில் ரோம எண்ணெயின் பிசுக்குப் போகவில்லை.

ரோமத்துக்குக் கேட்ட விலை கத்தரித்த கூலிக்குக்கூடக் காணாது. மூட்டை கட்டிப் பரணில் போட்டாயிற்று. பட்டியை ஓட்டுவது குட்டியும் எருவும்தான். கேரட் போடுகிறவர்கள் எருவுக்கு முன்பணமே கொடுக்கிறார்கள். ஆனாலும் கிடா எடுக்கும்போது ரோமம் பார்க்காமல் நான் எடுத்ததில்லை. கோயம்புத்தூர் ஆட்டோடு வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த மெரினோ, செவியட், சவுத்டவுன் இன ஆடுகளும் கலந்து 19ஆம் நூற்றாண்டில் உருவானதுதான் நீலகிரி ஆடு. ரோமம் போய்விட்டால் அப்புறம் இது வேறு ஆடு.

ஏப்ரல் 6

கிடாவை அவிழ்த்துவிட்டேன். பதினைந்து நாளாகப் பெட்டைகளுக்கு மக்காச்சோளமும் பிண்ணாக்கும் கூடுதலாக வைத்து வந்தேன். உடம்பு தேறிக்கொண்டிருக்கிற சமயத்தில் சேர்த்தால் சினை நன்றாகப் பிடிக்கும். செங்காவியைக் கடலையெண்ணெயில் குழைத்துக் கிடாவின் நெஞ்சில் பூசியிருக்கிறேன். எந்தப் பெட்டைமேல் ஏறினானோ அதன் பின்புறத்தில் கறை விழும். 17 நாள் கழித்து நிறத்தை மாற்றினால், எது சினை பிடிக்காமல் திரும்பப் பருவத்துக்கு வந்தது என்று தெரிந்துவிடும்.

நான்கு இளம் பெட்டைகளை மட்டும் தனியே அடைத்தேன். நான்கும் அவனுக்குப் பிறந்தவை. அப்பனையும் மகளையும் சேர்த்துக்கொண்டே போனால் குட்டி நோஞ்சானாகும், சினையும் நிற்காது. இரண்டு கிடா வைத்துத் தீனி போட எனக்குக் கட்டாது. அவன் வந்து மூன்று வருஷம் ஆகிறது. இந்த வருஷத்தோடு போகத்தான் வேண்டும்.

மே 28

பக்ரீத்துக்குப் பத்து நாள். வியாபாரி வந்தார். கறைக்காதனின் முதுகை அழுத்திப் பார்த்துவிட்டு, “அக்கா, 22,000 தர்றேன். இன்னைக்கே ஏத்திக்கறேன்” என்றார். மகளுக்கு ஜூனில் கல்லூரிப் பணம் கட்ட வேண்டும், காசு தேவைதான். அவனுக்குப் பதில் மூன்று கிடாக்குட்டிகளை ஏற்றிவிட்டேன்.

“எப்படியும் மாத்தத்தானேக்கா போறீங்க?”

மாற்றத்தான் போகிறேன். ஆனால் இந்த இனத்துக்கு இந்த மலைதான் ஊர். அவன் வம்சம் இங்கேயே இன்னொரு பட்டியில் பெருக வேண்டும்.

ஜூலை 19

மழை விட்டபாடில்லை. குளம்பிடுக்கில் புண், ஈரத்தில் இருமல், எல்லாம் உண்டு. பெரிய பயம் புழுதான். வயிற்றில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஒவ்வொன்றாகப் பிடித்துக் கண்ணின் கீழிமையை விலக்கிப் பார்த்தோம். நல்ல ஆட்டுக்கு உள்ளே சிவந்திருக்கும். இரண்டுக்கு வெளுத்துக் கிடந்தது, அதில் ஒன்றுக்குத் தாடையில் நீர் கோத்துத் தொங்குகிறது.

முன்பெல்லாம் பட்டி மொத்தத்துக்கும் ஒரே நாளில் மருந்து ஊற்றுவேன். அப்படி ஊற்றினால் மருந்துக்குச் சாகாத புழு மட்டும் மிஞ்சிப் பெருகும். இப்போது வெளுத்ததற்கு மட்டும்தான். எதற்கு எத்தனை தரம் ஊற்றினேன் என்று நோட்டில் எழுதுகிறேன். அடிக்கடி மருந்து கேட்கிற பெட்டையின் குட்டியை வளர்ப்புக்கு விற்பதில்லை. புழுவைத் தாங்குகிற ஆடுகளைப் பொறுக்கி வளர்ப்பது பற்றி சாண்டிநல்லா செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையத்தில் வெகுகாலமாக வேலை நடந்திருக்கிறது. கறைக்காதனின் நான்கு மகள்களுக்கும் நோட்டில் இதுவரை ஒரு கோடுகூட இல்லை.

செப்டம்பர் 2

முதல் ஈற்று. ஏப்ரல் 8இல் கறை விழுந்தவள், சரியாக 147ஆம் நாள். ராத்திரி இரண்டு மணி, பட்டிக்குள் மூடுபனி. குட்டி மூச்சுவிடவில்லை. மூக்குச் சளியை வழித்து, சாக்கால் விலாவைத் தேய்த்தேன். தும்மியது. சீம்பாலைக் கறந்து வாயில் விட்டதும் வாலை ஆட்டியது. 2.6 கிலோ. இடது காதில் பழுப்புக் கறை.

அக்டோபர் 5

குந்தா பக்கத்துப் பெரியவர் ஜீப்பில் தன் கிடாவைக் கொண்டுவந்தார். கிடாவுக்குக் கிடா, பணம் கிடையாது. அவர் கறைக்காதனின் தொடை ரோமத்தைப் பிளந்து வெகுநேரம் பார்த்தார். நான் அவர் கிடாவின் பல், குளம்பு, விதை எல்லாம் தடவிப் பார்த்தேன். நோட்டிலிருந்து அவன் பக்கங்களைக் கிழித்துக் கொடுத்தேன். “பத்திரமாப் பாத்துக்கறேம்மா” என்றார். ஜீப் வளைவு திரும்புகிறவரை கத்திக்கொண்டே போனான்.

அக்டோபர் 26

புதுக்கிடாவைத் தனியே கட்டி 21 நாள் ஆயிற்று. சாணம் சோதித்தாயிற்று, குளம்பு சுத்தம். காலையில் செங்காவி பூசி அந்த நான்கோடு விட்டேன். சாயங்காலம் ஒன்றின் பின்புறத்தில் கறை. ஈற்று நாளை நோட்டில் எழுதிவிட்டேன்: மார்ச் 22.