ரிசல்ட் வரும்வரை

2025 மே 6
கத்திரி வெயில். மத்தியானம் தூங்காமல் மகள் அடுப்படிக்கே வந்து நிற்கிறாள். "43க்கு ஒரு மார்க்கூட போட மாட்டாங்களாம்மா?"

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு கணக்குத் தாளில் 43ஆம் கேள்வி வடிவியல், 44 வரைபடம். எட்டும் எட்டும் பதினாறு. டீச்சர்கள் "கையில இருக்கிற மார்க்" என்பது இதைத்தான். இவள் வரைந்திருக்கிறாள். வில் வெட்டுகிற இடம் சரியாக வரவில்லை என்று அழித்து, மறுபடி வரைந்து, மறுபடி அழித்து, தாள் நைந்ததும் விட்டுவிட்டாள். உதவிப்படத்தையும் சேர்த்து அழித்ததுதான் எனக்கு ஆறவே இல்லை. தப்பான படம் திருத்துகிறவர் கண்ணில் படக் கூடாதாம். வெறும் தாள் படலாமாம்.

மே 7
கரண்ட் இல்லை. ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மே 8
பிளஸ் டூ ரிசல்ட். 9ஆம் தேதி என்று சொல்லிவிட்டு இன்றைக்கே விட்டுவிட்டார்கள். எதிர்வீட்டுப் பையன் பாஸ். லட்டு வந்தது, இவள் தொடவில்லை. டிவியில் கீழே 104, 14416 என்று ஓடியது. "இது யாருக்கும்மா?" என்றாள். இவர் சேனலை மாற்றப் போனார், நான் விடவில்லை. மனசு கனமா இருக்கிற யாரும் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பாங்க என்றேன். அந்த நம்பரையே ஒளிக்கிற வீட்டில் பிள்ளை எதைத்தான் வாய்விட்டுச் சொல்லும்?

மே 10
முதல் மூன்று இடங்களை அறிவிப்பதை அரசே 2017இல் நிறுத்திவிட்டது. சொந்தக்காரர்கள் நிறுத்தவில்லை. அத்தை போன்: "ஐநூறுக்கு எவ்வளவு எதிர்பாக்குறா?"

மே 11
சிக்குக் கோலம் பழகுகிறாள், நோட்டில், பென்சிலும் ரப்பருமாக. ரப்பரை வாங்கிக்கொண்டு பேனாவைக் கொடுத்தேன்.
"தப்பா போச்சுன்னா?"
"பக்கத்துல இன்னொண்ணு போடு."
ரொம்ப நேரம் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மே 12
வருகிறவர் போகிறவரெல்லாம் "பயப்படாதே" என்கிறார்கள். சொல்லச் சொல்ல, பயப்பட ஏதோ இருக்கிறது என்று அவளுக்கு உறுதியாகிறது. ராத்திரி மொட்டைமாடியில் நானே ஆரம்பித்தேன். கணக்குல போயிடுச்சுன்னே வை. 35 வரலைன்னா துணைத்தேர்வு இருக்கு. அந்த ஒரு பாடம் எழுதினா போதும். பாஸானா இந்த வருஷமே பதினொண்ணு சேரலாம். முதலில் காதைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டாள்: பீஸ் கட்ட யார் போவது, எந்தப் பள்ளியில் எழுதணும், பழைய நோட்டு போதுமா. கடைசியில், "அத்தைகிட்ட யாரும்மா சொல்றது?" அங்கேயே நின்றுவிட்டது பேச்சு. இத்தனை நாள் வயிற்றைப் பிசைந்தது அந்தப் போன்தான் போல.

கீழே வந்ததும் இவர் திட்டினார், வாயாலேயே ஃபெயில்னு சொல்லணுமா என்று. பேசாமல் இருந்தால் மார்க் கூடிவிடுமா? அவள் சீக்கிரமே தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

மே 13
பேனாக் கோலங்களைக் காட்டினாள். ஒன்றில் கம்பி சுற்றிவந்து சேரவே இல்லை. அடித்துவிட்டு, பக்கத்திலேயே இன்னொன்று.

மே 15
பத்தாவது ரிசல்ட் 19ஆம் தேதி என்றிருந்தது, நாளைக்கேயாம். காலை 9 மணி. வயிறு கலக்குகிறது, எனக்கு.

மே 16
கணக்கு 58. மற்றதெல்லாம் 80க்கு மேல்.

அத்தை போன் உடனே வந்தது. நான் கை துடைப்பதற்குள் அவளே எடுத்துவிட்டாள். "கணக்குல 58 அத்தை. வடிவியலை அழிச்சிட்டேன்." அந்தப் பக்கம் நீளமாக என்னவோ ஓடியது. "சரி அத்தை, அம்மாகிட்ட குடுக்கிறேன்."

அடுத்து என்ன குரூப் என்கிறார்கள். இவளுக்குக் கணக்கு உள்ள குரூப்தான் வேண்டுமாம். இவர் வாயைத் திறக்கவில்லை. நாளைக்குப் பேசணும்.