ஏழைக்கும் ஒரு சட்டத்தரணி

வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்து, ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகேறி மட்டக்களப்பு நீதிமன்றத்துக்கு வரும் தாய்மார், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் மடிப்புகளில் கிழிந்த காணி அனுமதிப்பத்திரத்தையும் சொப்பிங் பையில் சுற்றி மடியில் வைத்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாத இவர்களுக்காக யார் எழுந்து பேசுவது என்ற கேள்வி மிகப் பழையது.

இங்கிலாந்தில் 1495ஆம் ஆண்டுச் சட்டமொன்று, வறியவர் கட்டணமின்றி வழக்குத் தொடரவும் நீதிமன்றமே அவருக்கு வழக்கறிஞரை அமர்த்தவும் வழிசெய்தது. ஆயினும் நெடுங்காலம் அது தருமமாகவே இருந்தது. அரசே செலவை ஏற்கும் விரிவான திட்டம் 1949இல்தான் சட்டமானது. அமெரிக்காவிலோ, சிறையிலிருந்து பென்சிலால் மனு எழுதிய கிளாரன்ஸ் கிடியனின் வழக்கில், பாரிய குற்றம் சாட்டப்பட்ட வறியவருக்கு அரசு சட்டத்தரணியை வழங்கியே ஆகவேண்டும் என 1963இல் தீர்ப்பானது.

இலங்கையில் 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை வறியோர் வழக்குகளுக்கு இடமளித்தது. சட்ட உதவி ஆணைக்குழு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது.

நீதிமன்றில் வாதாடுவதைவிட, உரிமை உண்டென்று ஊருக்கு வந்து சொல்வதே பெரிய உதவி என்பது என் எண்ணம். யுத்தத்தால் இடம்பெயர்ந்து காணியை இழந்தவர்கள், காலங்கடந்தும் வழக்காட 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இடங்கொடுத்தது. அதற்கு விதித்த அவகாசமோ இரண்டே ஆண்டுகள். வாகரையின் உட்கிராமமொன்றில் இருப்பவருக்கு அதை யாராவது நேரில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.