டீச்சர், முடிச்சிட்டேன்… அடுத்து என்ன?

52-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் மூன்றாம் வகுப்பில் மூன்று விதமான தவறான விடைகள் வரும். 45 என்று எழுதிய குழந்தை ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்திருக்கிறது. 36 என்று எழுதிய குழந்தை பின்னோக்கி எண்ணும்போது 52-ஐயும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. 69 என்று எழுதியது குறியைக் கவனிக்காமல் கூட்டிவிட்டது. முதல் குழந்தைக்குப் பத்துக்குச்சிக் கட்டை அவிழ்த்துக் காட்ட வேண்டும். இரண்டாவதற்குத் தரையில் ஓர் எண்கோடு வேண்டும். மூன்றாவதிடம் "குறியைப் பாரு" என்றால் போதும்.

ஆசிரியரின் மூளை உழைக்க வேண்டிய இடம் இதுதான். ஆனால் சரியாக அந்த நேரத்தில் "டீச்சர், முனை ஒடிஞ்சிடுச்சு", "டீச்சர், ஒண்ணுக்கு", "டீச்சர், இவன் கிள்ளுறான்", "டீச்சர், முடிச்சிட்டேன், அடுத்து என்ன?" என்று நான்கு குரல்கள் வருகின்றன. மூன்று தவறுகளுக்கும் ஒரே மாதிரி ஒரு சிவப்புப் பெருக்கல் குறி விழுந்துவிடுகிறது.

தன்னைக் கட்டுப்படுத்திக் கட்டுப்படுத்தியும் முடிவெடுத்து முடிவெடுத்தும் மனவலிமை தீர்ந்துபோகும் என்ற கருத்து 1990-களின் இறுதியில் உளவியலில் பரவியது. 2016-இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து அதைச் சோதித்தபோது சொல்லும்படியான விளைவு எதுவும் தெரியவில்லை. விவாதம் இன்னும் ஓயவில்லை. அது முடியும்வரை வகுப்பறை காத்திருக்க வேண்டியதில்லை. கவனம் ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் நிற்கும் என்பது பாடம் நடத்தும் எவருக்கும் தெரியும்.

ஈராசிரியர் பள்ளியில் இது இன்னும் கூர்மையாகும். கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. ஒருவர் மூன்று வகுப்புகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அவற்றுக்குள் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் கற்றல் நிலைகளையும் பார்க்க வேண்டும். அங்கே தினமும் திரும்பத் திரும்ப வரும் சின்ன முடிவுகளை ஜூன் மாதத்திலேயே ஒருமுறை எடுத்துவைத்துவிடுவது நல்லது.

பென்சிலுக்கு இரண்டு டம்ளர்கள் போதும். ஒன்றில் சீவிய பென்சில் பத்து, மற்றொன்று காலி. முனை ஒடிந்தால் ஒடிந்ததைக் காலி டம்ளரில் போட்டுவிட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், கேட்க வேண்டியதில்லை. பள்ளி விடும் முன் இரண்டு பிள்ளைகள் சீவி வைப்பார்கள். டம்ளர் ஆசிரியர் மேசையில் இருந்தால் இந்த ஏற்பாடு கெட்டுவிடும்: எடுக்க வரும் பிள்ளை கேட்காமல் போகாது. கதவோரம் வையுங்கள்.

கழிப்பறைக்கு ஆணியில் மாட்டிய இரண்டு அட்டைகள், பையனுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. அட்டை ஆணியில் இருந்தால் எடுத்து மாட்டிக்கொண்டு போகலாம். முதல் வாரம் எல்லாரும் போய்ப் பார்ப்பார்கள். புதுமை தீர்ந்ததும் அடங்கும். ஒன்றாம் வகுப்புக் குழந்தை அவசரம் என்றால் அட்டை வரும்வரை நிறுத்தக் கூடாது.

"அடுத்து என்ன?" என்ற கேள்விதான் அதிகம் அரிக்கும். கீழ்மட்டக் கரும்பலகையின் ஓரத்தில் நிரந்தரமாக மூன்று வரிகள் எழுதிவையுங்கள்: எழுதியதை ஒருமுறை வாசி; பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிடு; வாசிப்பு மூலையில் ஒரு புத்தகம் எடு. வாசிக்கத் தெரியாத அரும்பு நிலைக் குழந்தைக்கு அந்த வரிகளுக்குப் பக்கத்தில் படம் வேண்டும். இல்லாவிட்டால் அதிகம் தேவைப்படுகிற குழந்தையே மறுபடி மேசைக்கு வந்து நிற்கும்.

பேசுகிறவர் பெயரைக் கரும்பலகையில் எழுத லீடரை நிறுத்தும் வழக்கத்தை விட்டுவிடலாம் என்பேன். வேலையைக் குறைப்பதுபோலத் தோன்றும். ஆசிரியர் வெளியே போய்த் திரும்பி வந்ததும் "நான் பேசவே இல்ல டீச்சர்" என்று ஒரு பஞ்சாயத்து காத்திருக்கும், கூடவே லீடர் மேல் ஒரு பகையும். லீடருக்குப் பொருள்களை மட்டும் கொடுங்கள், சக பிள்ளைகளைக் கொடுக்காதீர்கள்.

நோட்டுத் திருத்தத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 35 பிள்ளைகளின் நோட்டுகளையும் தினமும் ஆளுக்கு 2 நிமிடம் பார்த்தால் 70 நிமிடம். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஏழு பிள்ளைகள் என்று பிரித்தால், ஒவ்வொரு நோட்டுக்கும் 5 நிமிடம் கொடுத்தும் 35 நிமிடத்தில் முடிகிறது. ஒவ்வொரு பிள்ளையின் நோட்டும் வாரத்துக்கு ஒருமுறை முழுக் கவனத்தோடு பார்க்கப்படுகிறது. திருத்த வேண்டிய பக்கத்தைத் திறந்தபடியே அடுக்கச் சொல்லுங்கள். ல-ள-ழ, ர-ற பிழைகளுக்கு எழுத்தின் கீழ் ஒரு கோடு மட்டும் போடலாம். சரியான எழுத்தைப் பிள்ளை கண்டுபிடிக்கட்டும்.

யாரைக் கேட்பது என்பதற்கு ஐஸ்குச்சிகளில் பெயர் எழுதி ஒரு டப்பாவில் போட்டுவிடலாம். கேள்வியை முதலில் கேட்டு, 3 நொடி நின்று, பிறகு குச்சியை எடுக்க வேண்டும். பெயர் முதலில் வந்தால் மற்ற 34 பேரும் நிம்மதியாகிவிடுவார்கள். எடுத்த குச்சியை டப்பாவிலேயே திரும்பப் போடாவிட்டால், பதில் சொன்ன பிள்ளை அன்றைக்குத் தன் கடமை முடிந்தது என்று ஜன்னலைப் பார்க்கும்.

மதிய உணவுக்குப் பிறகுள்ள பாடவேளை தனிக் கவனம் கேட்கிறது. வெயில், வயிறு நிறைந்த தூக்கம், காலையிலிருந்து பேசிய தொண்டை. கை ஓங்கத் தோன்றுவதும் சுடுசொல் வருவதும் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடைசெய்கிறது. சட்டம் தெரிந்த ஆசிரியரும் களைத்த நேரத்தில் நிதானம் இழப்பதுண்டு. அதனால் ஒரு பிள்ளை குறும்பு செய்தால் என்ன செய்வது என்பதைக் காலையிலேயே முடிவுசெய்திருக்க வேண்டும்: முதலில் பார்வை, பிறகு பக்கத்தில் போய் நிற்பது, பிறகு மெதுவாகப் பெயர், அதற்கும் மேல் என்றால் இடைவேளையில் தனியாகப் பேச்சு. எந்தப் பிள்ளைக்கும் இதே வரிசை. கணக்கை முற்பகலுக்கு மாற்றிவிட்டு, சாப்பாட்டுக்குப் பின் 20 நிமிடம் கதை வாசித்துக் காட்டினால் ஆசிரியருக்கும் பிள்ளைகளுக்கும் மூச்சு வாங்க இடம் கிடைக்கும்.

இத்தனையையும் ஒரே நாளில் அறிவித்தால் ஒன்றும் நிற்காது. வாரத்துக்கு இரண்டு, அதுவும் செய்துகாட்டி, பிள்ளைகளைச் செய்யவைத்து, பிசகினால் கோபமில்லாமல் மறுபடி. அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரியில் வரும்போது பாதி மறந்திருக்கும். முதல் மூன்று நாள் அதற்கு ஒதுக்குங்கள்.

சில விஷயங்களை மட்டும் இந்த ஏற்பாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. வழக்கமாகச் சண்டை போடும் பையன் இன்று ஓரமாக உட்கார்ந்திருக்கிறான். சத்துணவுத் தட்டை ஒரு பெண் பாதியிலேயே மூடிவைத்துவிட்டாள். இதற்கு அட்டையும் இல்லை, குச்சியும் இல்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "என்னடா ஆச்சு?" என்று கேட்க வேண்டியதுதான்.