மீனைத் தவிர எதையும் தொடாத ராணியும், புதிதாக வந்த நண்டும்

ராமேஸ்வரம் பக்கத்து மீனவர் ஊரான மண்டபத்தில் பெரும்பாலான வீடுகளில் பூனை உண்டு, ஆனால் யாரும் அதை வளர்ப்பதாகச் சொல்லிக்கொள்வதில்லை. அம்மா மீன் கழுவ உட்கார்ந்தால் அதுவும் வந்து உட்காரும், குடலும் தலையும் விழும், தின்றுவிட்டுப் போய்விடும். எங்கள் ராணியும் அப்படி வந்து தங்கிவிட்டவள்தான். பச்சைச் சூடை மீன் என்றால் உயிரை விடுவாள். சோறு, முட்டை, பால் எதை வைத்தாலும் ஒரு தடவை முகர்ந்துவிட்டு, தட்டுக்குப் பக்கத்துத் தரையை மண்ணைப் போட்டு மூடுவதுபோல் பிறாண்டிவிட்டு நகர்ந்துவிடுவாள்.

இது எனக்குக் கவலையாக மாறியதற்கு இரண்டு காரணம். ஒன்று, தடைக்காலம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாளும் விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகில் வருகிற மீன்தான் ஊருக்கெல்லாம், அது விற்கிற விலையில் பூனைக்கென்று தனியாக வாங்க முடியாது. இன்னொன்று, தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது கால்நடை மருத்துவர் சொன்ன விஷயம். சூடை, நெத்திலி வகை மீன்கள் பலவற்றில் தயாமினேஸ் என்று ஒரு நொதி இருக்கிறதாம், பச்சையாகவே தொடர்ந்து தின்றால் அது உடம்பில் இருக்கிற தயாமினை, அதாவது வைட்டமின் பி1-ஐ, அழித்துவிடும். முதலில் பசி குறையும், அப்புறம் நடை தள்ளாடும், தலை தொங்கும், முற்றினால் வலிப்பு வரும். வேகவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். கருவாடும் கொடுக்காதே, அவ்வளவு உப்பு பூனைக்கு ஆகாது என்றார். கடற்கரைப் பூனைக்கு மீனைவிட நல்லது எது என்று நினைத்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டில் யாராலும் இதைச் சட்டென்று ஏற்க முடியவில்லை.

"பசிச்சா தானா திங்கும்த்தா, விடு" என்றார் அப்பத்தா. நாய்க்கு வேண்டுமானால் அது சரியாக இருக்கலாம், பூனையிடம் அந்த முறையைத் தயவுசெய்து யாரும் முயற்சி செய்யாதீர்கள். பூனை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து சாப்பிடாமல் கிடந்தாலே உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய்ச் சேர்ந்து ஆளையே சாய்த்துவிடும், கொழுத்த பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம். அதனால் பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரும் எண்ணத்தை நான் எடுக்கவே இல்லை. பழசைக் கொடுத்துக்கொண்டே புதுசை உள்ளே நுழைப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் பச்சைச் சூடையை வேகவைத்த சூடையாக மாற்றினேன். உப்பு, மஞ்சள், மிளகாய் எதுவும் கிடையாது. முள்ளை எடுத்துவிட வேண்டும், வெந்த முள் நொறுங்கித் தொண்டையில் குத்தும். அதற்குப் பழகியதும் கோழி நெஞ்சுக்கறியை வெறும் தண்ணீரில் வேகவைத்து, நார் நாராகப் பிய்த்து, மீனுக்குள் ஒரு சிட்டிகை கலந்தேன். வீட்டுக் குழம்பிலிருந்து எடுத்த கறி கூடவே கூடாது, வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை உடைத்துவிடும். மீனைக் குறைத்துக் கறியைக் கூட்டி, ஒரு வாரம் பத்து நாள் போல மெதுவாகத்தான் நகர்த்தினேன். நடுவில் ஒருநாள் கறி கொஞ்சம் கூடிவிட்டது போல, தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சரி என்று முந்தின நாள் அளவுக்கே திரும்பினேன், தின்றாள்.

இதில் நான் கண்டுகொண்டது, ராணிக்கு ருசி பிறகுதான், மணம்தான் முதலில். பூனையின் நாக்குக்கு இனிப்பே தெரியாது, அதை உணர்கிற மரபணு பூனை இனத்தில் வேலை செய்வதில்லை. பிஸ்கட்டை நீட்டினால் பேசாமல் பார்ப்பது அதனால்தான். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கறியை அப்படியே வைத்தால் அவளுக்கு அது கறியே இல்லை. வெந்நீரில் கிண்ணத்தை வைத்து, விரலால் தொட்டால் நம் உடம்புச் சூடு அளவுக்கு வந்த பிறகு வைத்தால், திண்ணையில் கிடப்பவள் மூக்கைத் தூக்கிக்கொண்டு வருவாள். கடையில் விற்கிற மீன் மணத்து உலர் தீனியையும் இப்படித்தான் பழக்கினேன். அம்மியில் நுணுக்கி, வெந்த கறிமேல் தூவி, அப்புறம் உடைத்த துண்டாக, கடைசியில் முழுசாக. பூனைக்கு முழு உணவு என்று போட்டு விற்கிற இந்த உலர் தீனிதான் இப்போது முக்கியச் சாப்பாடு, வெறுமனே வேகவைத்த கறியும் மீனும் நாள் முழுக்கத் தின்பதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. ஒவ்வொரு தடவையும் கொடுப்பதற்கு முன் தகர டப்பாவை இரண்டு தட்டு தட்டுவேன். சும்மா செய்த பழக்கம், பிற்பாடு அதுதான் கை கொடுத்தது.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் தம்பி படகுத்துறையில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் கத்திக்கொண்டிருந்த ஒரு கடுவன் பூனைக்குட்டியைத் தூக்கி வந்தான். முதுகை வளைத்துக்கொண்டு பக்கவாட்டில் துள்ளித் துள்ளி ஓடியதால் அன்றைக்கே நண்டு என்று பெயர் விழுந்துவிட்டது.

தம்பிக்கு அதை நேராக ராணி முன்னால் இறக்கிவிட வேண்டும், சண்டை போட்டுச் சரியாகிவிடும் என்பது அவன் வாதம். நான் விடவில்லை. பூனைக்கு வீடு என்பது அதன் மணம் படிந்த இடம், அங்கே திடீரென்று இன்னொரு மணம் வந்து நின்றால் அது படையெடுப்புதான். அதோடு நோய் பயமும் இருந்தது. தெருக்குட்டிகளைக் கொத்தாகக் கொல்கிற பார்வோ வகைக் கிருமி ஒன்று உண்டு, வீட்டுக்குள் வந்தால் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். அதனால் மருத்துவரிடம் காட்டி, பூச்சி மருந்து கொடுத்து, தடுப்பூசிக்கு நாள் கேட்டுக்கொண்டு, நண்டை வலை வைக்கிற அறையில் தனியாக வைத்தோம். கடற்கரை மணல் நிரப்பிய ஒரு பழைய பிளாஸ்டிக் தட்டு, தண்ணீர், ஒளிந்துகொள்ள ஒரு பனையோலைப் பெட்டி, அவ்வளவுதான் அவன் சொத்து.

இரண்டும் பார்த்துக்கொள்வதற்கு முன்னால் மணத்தால் பழக வேண்டும். பழைய லுங்கியைக் கிழித்து இரண்டு துண்டு எடுத்தேன். பூனையின் கன்னத்தில், வாயோரத்தில் மணச் சுரப்பிகள் உண்டு, நம் காலில் வந்து உரசுவது அதைப் பூசத்தான். ஒரு துண்டால் நண்டின் கன்னத்தை நன்றாகத் தேய்த்து ராணியின் தட்டுக்குச் சற்றுத் தள்ளிப் போட்டேன். அவள் கழுத்தை நீட்டி மோந்தாள், மேல் உதடு சுருங்கி, வாய் பாதி திறந்தபடி அப்படியே சிலையாகிப்போனாள். பார்க்கக் கோபம் மாதிரி இருக்கும், கோபம் இல்லை. வாய்க்குள் மேலண்ணத்தில் இருக்கிற இன்னொரு மோப்ப உறுப்புக்கு மணத்தை இழுக்கிறாள். அப்புறம் ஒரு சீறல், போய்விட்டாள். நான் டப்பாவைத் தட்டித் துணிக்குப் பக்கத்தில் தீனியைப் போட்டேன். துணி கிடந்தால் தீனி கிடைக்கும் என்று ஆன பிறகு சீறல் நின்றது. ராணியின் துண்டு அந்தப் பக்கம் நண்டின் பெட்டிக்குள் போனது, அவன் அதன்மேலேயே படுத்துத் தூங்கினான்.

அடுத்தது கதவு. மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் ராணியின் தட்டு, அந்தப் பக்கம் நண்டின் தட்டு, முதலில் தள்ளி வைத்துத் தினமும் கொஞ்சம் நெருக்கினேன். கதவைத் திறந்து நடுவில் பழைய வலையைக் கட்டலாம் என்றான் தம்பி. "நரம்பு வலையில நகம் மாட்டும்டா, கால ஒடிச்சுக்கும்" என்று அம்மா தடுத்துவிட்டு, ஜன்னலில் அடித்து மீதமிருந்த கொசுவலைக் கம்பியைச் சட்டத்தில் அடித்துத் தரச் சொன்னார். அது வழியாகத்தான் இரண்டும் முதன்முதலில் பார்த்துக்கொண்டன. ராணியின் வால் பருத்தது, காது பின்னால் மடிந்தது, சீறினாள். இந்த இடத்தில் தயவுசெய்து அதட்டாதீர்கள். சீறுவது 'தள்ளி நில்' என்று சொல்வது, அதைச் சொல்ல விடாவிட்டால் நேராகக் கை நீளும். அதோடு அந்தக் குட்டியால்தான் திட்டு விழுந்தது என்று ராணி மனதில் பதிந்துவிடும். நான் டப்பாவை மட்டும் தட்டினேன். தலை என் பக்கம் திரும்பியது, அந்தத் திரும்பல் போதும்.

கம்பி வழியாகச் சலிக்கிற அளவுக்குப் பார்த்து, ராணி அதன் முன்னாலேயே உட்கார்ந்து உடம்பை நக்கிக்கொள்ள ஆரம்பித்த பிறகுதான் சட்டத்தை எடுத்தேன். முதல் சந்திப்புகள் ஐந்து நிமிடம் போலத்தான், நன்றாக இருக்கும்போதே முடித்துவிடுவேன். நண்டு வாலைப் பிடிக்கப் பாய்ந்தான், ஓர் அறை வாங்கினான், நகம் நீட்டாத அறை. ஒரு பூனை மற்றதை இமைக்காமல் வெறித்துப் பார்த்தாலோ, அடித்தொண்டையில் உறுமினாலோ நடுவில் ஓர் அட்டையை நுழைத்துப் பிரிக்க வேண்டும், கையை நுழைக்கக் கூடாது.

எல்லாம் சரியானது என்று இருந்தபோதுதான் பெரிய சோதனை வந்தது. நண்டை அடுத்த தடுப்பூசிக்கு ராமநாதபுரம் கொண்டுபோய்த் திரும்பினோம். வாசலிலேயே ராணி அவனைப் பார்த்து உறுமினாள், துரத்தி அறைந்தாள். அவ்வளவு நாள் பட்ட பாடும் வீணாகிவிட்டதே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. காரணம் மருத்துவமனை மணம். ஸ்பிரிட், மருந்து, வேறு நாய் பூனை வாடை எல்லாம் ஒட்டி வந்தவனை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. திரும்பவும் நண்டுக்கு வலை வைக்கிற அறை, திரும்பவும் லுங்கித் துண்டு. ராணியின் கன்னத்தில் தேய்த்த துணியால் நண்டின் உடம்பெல்லாம் துடைத்து, ஒரு ராத்திரி தனியாக வைத்து, மறுநாள் கம்பிச் சட்டத்திலிருந்து தொடங்கினோம். இந்தத் தடவை சீக்கிரமே இறங்கி வந்தாள்.

இப்போது ஒரே அறையில் தூங்குகின்றன, ஒட்டிக்கொண்டு இல்லை. தட்டும் தண்ணீரும் தனித்தனி, மணல் தட்டு மூன்று, இரண்டு பூனைக்கு ஒன்று கூடுதலாக வைத்தால் அடைத்துக்கொண்டு மறிக்கிற சண்டை வராது. ராணிக்கு மட்டும் எட்டுகிற மாதிரி அலமாரி மேல் ஓர் இடம் விட்டிருக்கிறோம், நண்டின் தொல்லை தாங்காவிட்டால் அங்கே ஏறிவிடுவாள். நண்டுக்கு ஆறு மாதம் நெருங்குகிறது, கருத்தடைக்குக் கொண்டுபோக வேண்டும். அன்றைக்கு அவன் இன்னும் அதிக மருந்து வாடையோடு வருவான் என்பதால், கம்பிச் சட்டத்தைக் கழற்றிப் போடாமல் அறைக் கதவுக்குப் பின்னாலேயே சாய்த்து வைத்திருக்கிறேன், லுங்கித் துண்டை முதல் நாளே ராணியின் படுக்கையில் போட்டுவிடுவேன்.