ஒரு எண்ணுக்காக ஒன்பது நாள்

ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) கையேடு ஒன்றை எழுதும்போது, ஒரே ஒரு எண் கிடைக்காமல் ஒன்பது நாள் அலைந்தேன். பெரிய அறிக்கை ஒன்றைக் கேட்டுக் கோரிக்கை அனுப்பினால், சர்வர் எவ்வளவு நேரம் பொறுத்துவிட்டுக் கைவிரிக்கும்? வரைவில் அந்த இடத்தில் "பிறகு நிரப்பவும்" என்று எழுதி மஞ்சள் அடித்திருந்தேன். இப்படி மொத்தம் 14 மஞ்சள்.

பதினான்கையும் ஒரே மின்னஞ்சலில் டெவலப்பருக்கு அனுப்பியதுதான் நான் செய்த தப்பு. "பார்க்கிறேன்" என்று பதில் வந்தது, அவ்வளவுதான். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அது அவருக்கு அரை நாள் வேலை. பாதிக்குமேல் நானே தேடியிருக்கலாம்.

தேடினேன். அமைப்புகளைக் குறித்துவைக்கும் கான்ஃபிக் கோப்பு, பழைய குறைகளைப் பதிந்த டிக்கெட்டுகள் என்று துழாவியதில் 11 தீர்ந்தன. டைம்அவுட்டுக்கு, அதாவது அந்தக் காத்திருப்பு நேரத்துக்கு, 120000 என்று இருந்தது, அலகு இல்லை. இந்த முறை கேள்வி கேட்கவில்லை. வாக்கியத்தையே எழுதி அனுப்பினேன். "2 நிமிடம் வரை காத்திருக்கும் என்று போடுகிறேன். தப்பென்றால் திருத்துங்கள்." பத்தே நிமிடத்தில் பதில்: "சரிதான், மில்லிவிநாடிக் கணக்கு."

அத்தோடு விட்டிருந்தால் தப்பாக அச்சேறியிருக்கும். ஏதோ உறுத்தலில், பெரிய அறிக்கை ஒன்றைக் கேட்டுப் பார்த்தேன். சரியாக ஒரு நிமிடத்தில் 504 பிழை, அதாவது பின்னாலிருந்து நேரத்துக்குள் பதில் வரவில்லை என்ற அறிவிப்பு. மறுபடி டெவலப்பரிடம் போனால், "கோடில் 120 விநாடிதான் இருக்கு, பாருங்க" என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். அவர் சொன்னதும் பொய்யில்லை.

சர்வர்களைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. "முன்னாடி என்ஜின்எக்ஸ் நிக்குதே, அதை யாரும் தொடல. இயல்பே 60 விநாடிதான்." என்ஜின்எக்ஸ் என்பது கோரிக்கையை முதலில் வாங்கிப் பின்னாலிருக்கும் சர்வருக்குக் கடத்தும் மென்பொருள். அந்த 60 மொத்த நேரத்துக்கான கணக்கல்ல, பின்னாலிருக்கும் சர்வர் ஒரு பைட்கூட அனுப்பாமல் மௌனமாக இருக்கும் இடைவெளிக்கானது. எங்கள் அறிக்கையோ முழுதாகத் தயாராகும்வரை வாயே திறக்காது.

இதில் வேடிக்கை, வாடிக்கையாளர் உதவிக் குழுவுக்கு இது முன்பே தெரியும். "அந்த ஒரு நிமிடப் புகாரா? வாராவாரம் வருமே!" என்றார்கள். அவர்களிடம் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

60 என்று எழுதி, யார் சொன்னது, எந்தத் தேதியில் என்று ஓரத்தில் குறித்துவைத்தேன். மறுவாரமே டெவலப்பரிடமிருந்து செய்தி: "என்ஜின்எக்ஸையும் 120 ஆக்கிடச் சொல்லிட்டேன்." அந்த வரிக்கு மறுபடி மஞ்சள் அடித்தேன்.