டீக்கடையில் 124ஏ

கூடங்குளம் அணு உலை வேணும் என்ற கட்சி நான், இன்றைக்கும். ஆனால் அதை எதிர்த்துப் போராடிய இடிந்தகரை மக்கள் மேல் 124ஏ, அதாங்க ராஜதுரோகம், போட்டபோது ஆத்திரம் வந்தது. பாளையங்கோட்டை டீக்கடையில் நேற்று இந்தப் பேச்சு வந்ததும், "ஏல, நீ எந்தப் பக்கம்?" என்றார் பெரியப்பா.

1908இல் வ.உ.சி. மேல் வெள்ளைக்காரன் போட்டதும் அதே பிரிவுதான். கைதான மறுநாள், மார்ச் 13, திருநெல்வேலியே கொந்தளித்தது. போலீஸ் சுட்டு நாலு பேர் செத்தார்கள். 2013இல் உலைக்கு அனுமதி தந்த உச்ச நீதிமன்றமே, போராடியவர்கள் மீதான வழக்குகளை வாபஸ் வாங்கப் பாருங்கள் என்றது.

"போராடினா ராஜதுரோகமா? உங்க கட்சி மறியலுக்கும் இதேதான் சொல்வேன், பெரியப்பா."

பதிலே இல்லை. என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார். சமாதானமா, வாயை மூடுன்னு அர்த்தமா?