ஜிப்ஸியின் பின் அச்சு திமிறுகிறது

ஜூன் 8, 2024

என் மாருதி ஜிப்ஸி, நான்கு சக்கர இழுவை வண்டி. லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக முறுக்கோடு ஏறுவதற்கான கியர் நிலை), முதல் கியர். பாறைப்படியில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் பின்பக்கம் டக்டக்கென்று குதிக்கிறது. சக்கரம் பிடிக்கிறது, விடுகிறது, மறுபடி பிடிக்கிறது. கடைசியில் பின் புரொப்பெல்லர் ஷாஃப்டின் (பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) கிராஸ், அதாவது அதன் முனையில் மடங்கும் மூட்டு, உடைந்தது. ஷாஃப்டைக் கழற்றி உள்ளே போட்டுவிட்டு, முன் சக்கர இழுவையிலேயே ஊர்ந்து வந்து சேர்ந்தோம்.

ஜூன் 9

புது கிராஸ் போட்டாயிற்று. சேஸிஸில் போனைக் கட்டி, பினியனை (அந்தத் தண்டு பின் அச்சில் சேரும் பல்சக்கரப் பகுதி) படமெடுத்தேன். மிதித்தவுடன் பினியன் மூக்கு வானத்தைப் பார்க்கிறது. அச்சைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டையின் முன்பாதி மேலேயும் பின்பாதி கீழேயும் வளைந்து பாம்பு மாதிரி நெளிகிறது. பிறகு டயர் வழுக்கியதும் பட்டை விடுபட்டுத் திரும்ப அடிக்கிறது. அந்த அடிதான் குதிப்பு.

1.3 எம்பிஎஃப்ஐ எஞ்சின், 103 நியூட்டன் மீட்டர்தான். இந்தச் சாதுவுக்கு இவ்வளவு முறுக்கா என்று தோன்றும். ஆனால் லோ ரேஞ்சில் அது பல மடங்காகிவிடும். அதைவிடப் பெரிய காரணம் பட்டை இருக்கும் இடம். கம்பெனியில் ஜிப்ஸிக்குப் பட்டை அச்சுக்குக் கீழே. எனக்கு முன் வைத்திருந்தவர் உயரம் வேண்டுமென்று அதை அச்சுக்கு மேலே மாற்றி, 31 இஞ்ச் டயரும் போட்டிருக்கிறார். டயர் தரையைத் தள்ளும் விசையைத் தரையிலிருந்து பட்டை வரைக்குமான உயரத்தால் பெருக்கினால் வருவதுதான் பட்டை தாங்க வேண்டிய முறுக்கு. டேப் வைத்துப் பார்த்தேன்: என் வண்டியில் 46 செ.மீ., நண்பரின் மாற்றாத வண்டியில் 25.

ஜூன் 12

பட்டறை அண்ணன், "இன்னொரு பட்டை சேர்த்துரலாங்க, நெளியாது" என்றார். நெளிவது குறையும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பள்ளத்தில் சக்கரம் இறங்காமல் அந்தரத்தில் தொங்கும். லாரிக்குச் சரி. பாறையில் ஏறும் வண்டிக்கு மென்மையான பட்டைதான் சொத்து. முறுக்கைத் தாங்கத் தனியாக ஒரு கம்பி போதும்.

பட்டையைப் பிடித்திருக்கும் யு போல்ட் இறுக்கம், சென்டர் போல்ட், கிளிப் எல்லாம் சரி. பட்டையின் முன்முனை வளையத்திலுள்ள ரப்பர் புஷ் மட்டும் கிழிந்திருந்தது, மாற்றினோம்.

ஜூன் 15

முறுக்கைத் தாங்கும் அந்தக் கம்பியை, அதாவது டார்க் ஆர்மை, செய்கிறோம். ஒன்றரை இஞ்ச் கனக் குழாய். நீளம் கிட்டத்தட்ட புரொப்பெல்லர் ஷாஃப்ட் அளவு. நீளம் கூடக்கூட முன்முனையில் வரும் விசை குறையும். பின்முனை, பின் அச்சின் ஹவுசிங்கில் (வெளிக்கூடு) மேலொன்று கீழொன்றாக இரண்டு போல்ட்டில் உட்காரும். முன்முனை டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன்பின் அச்சுகளுக்கு இழுவையைப் பிரிக்கும் பெட்டி) அருகே, புதிதாகப் போட்ட குறுக்குச் சட்டத்திலிருந்து ஒரு ஷாக்கிளில் (ஊஞ்சல் போல் ஆடும் இணைப்பு) தொங்கும்.

அந்த ஷாக்கிள் எதற்கு, நேராகவே போல்ட் போடலாமே என்று அண்ணன் கேட்டார். பட்டை மேலும் கீழும் போகும்போது அச்சு முன்பின்னாகவும் நகரும். அந்தப் பாதை வேறு, கம்பி சுழலும் வட்டம் வேறு. நேராகப் பூட்டினால் இரண்டும் சண்டையிட்டு எதையாவது பிய்த்துக்கொள்ளும். ஷாக்கிள் முன்பின் ஆட்டத்தை விட்டுக்கொடுத்து, மேல்கீழ் விசையை மட்டும் தாங்கும். கையால் ஆட்டிக் காட்டியதும், "அட, ஆமாங்க" என்றார்.

ஜூன் 16

வெல்டிங்குக்கு முன் பினியன் கோணம். பழைய வேலையில் பினியனை டிரான்ஸ்ஃபர் கேஸை நோக்கி நிமிர்த்தி வைத்திருந்தார்கள். இருபக்கமும் ஒரே ஒரு கிராஸ் உள்ள ஷாஃப்டுக்கு அது ஒத்துவராது. ஷாஃப்டின் இரு முனையும் பூட்டப்படும் இரண்டு ஃபிளாஞ்சும் (தட்டு) இணையாக நிற்க வேண்டும். 60 கி.மீ. வேகத்தில் வந்த அதிர்வுக்கும் காரணம் இதுதான். இரும்பு ஆப்பு கொடுத்து இணையாக்கி, பினியன் மூக்கை ஒரு டிகிரி கீழே விட்டோம்.

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் வெல்டிங். ஹவுசிங்கில் ஒரே இழுப்பாக ஓட்டாமல், இடம் மாற்றி மாற்றி, ஆறவிட்டுத் தைத்தார். சூட்டில் ஹவுசிங் வளைந்தால் உள்ளே சுழலும் ஆக்ஸில் தண்டும் பேரிங்கும் போய்விடும்.

ஜூன் 22

அதே பாறைப்படி. பினியன் லேசாக அசைகிறது, அவ்வளவுதான். குதிப்பே இல்லை, டயர் வழுக்கினாலும் நிதானமாக வழுக்குகிறது. ரிவர்ஸிலும் ஏற்றிப் பார்த்தேன், சத்தமில்லை. ஒரு பக்கச் சக்கரத்தைப் பாறைமேல் ஏற்றி நிறுத்தினால் மற்றது முன்போலவே முழுசாக இறங்குகிறது.

அச்சு நன்றாக மேலேறும்போது மட்டும் கம்பி சைலன்சர் குழாயில் உரசுகிறது. அடுத்த வாரம் குழாயைக் கொஞ்சம் வெளியே தள்ளி வளைக்கணும். ஷாக்கிள் புஷ்ஷுக்கு கிரீஸ் நிப்பிள் வேறு பாக்கி.